ஏழாம் கூண்டு

தராசுக்காரர் வாயைத் திறந்ததுமே கேஸ் முடிந்துவிட்டது என்று அண்ணி நினைத்தாள்.

“இது என் பூனை இல்லைங்க. என் பூனை கடுவன்.”

செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. தராசு பழுது பார்க்கும் கடை. சுவரெல்லாம் தட்டுகள், ஸ்பிரிங்குகள், முத்திரை குத்திய எடைக்கற்கள். கடைக்குப் பின்னால் ஓர் அறை, அதற்கும் பின்னால் சமையலறை. அவ்வளவுதான் வீடு. பூனை அவர் மடியில் படுத்திருந்தது. யாரோ இரண்டு பெயின்ட் பிரஷ்களை அதன்மேல் உதறியிருந்த மாதிரி கறுப்பும் செம்பட்டையும் கலந்து கிடந்தன. ஒரு காது கறுப்பு, ஒரு காது செம்பட்டை. மூக்குத்தண்டில் கோடு கிழித்தாற்போல் நிறம் மாறியது.

அண்ணி என்பது அவள் பெயரல்ல. நாத்தனார் கூப்பிடுவதைக் கேட்டுக் கட்சிக்காரர்களும் கூப்பிட ஆரம்பித்து அதுவே நிலைத்துவிட்டது. பத்து வருடம் மாட்டு இன்சூரன்ஸில் சர்வேயராக இருந்தவள். செத்த மாடு இன்சூர் செய்த மாடுதானா என்று பார்ப்பது வேலை. காது வில்லையைக் கழற்றி வேறு மாட்டுக்கு மாட்டியவர்கள், நெற்றிச் சுழியை மையால் வரைந்தவர்கள் என்று ஒரு ஊர் ஜனத்தையே பிடித்திருக்கிறாள். வேலையை விட்டபின் சொந்தமாகத் துப்பறியும் ஏஜென்சி. உதவிக்கு நாத்தனார். நாத்தனாரின் அண்ணன் ஆறு வருடத்துக்கு முன் சட்டை வாங்கி வருகிறேன் என்று போனவன், இன்னும் அளவு சரியாகக் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

“காணாமப் போன எல்லாத்தையும் எங்க அண்ணி கண்டுபிடிச்சிருவாங்க,” என்று நாத்தனார் புதுக் கட்சிக்காரர்களிடம் சொல்வாள். “எங்க அண்ணனை மட்டும் தேட மாட்டாங்க. அவ்வளவு புத்திசாலி.”

இப்போது அவள் பூனையைத் தூக்கி வாலை விலக்கிப் பார்த்தாள்.

“பொட்டைப் பிள்ளைதான் அண்ணி. சந்தேகமே இல்ல. கோவிச்சுக்கக்கூட மாட்டேங்குது. என்னை யாராவது இப்படித் தூக்கிப் பார்த்தா ரெண்டு கண்ணையும் நோண்டியிருப்பேன்.”

“அதைத்தாங்க நானும் சொல்றேன்,” என்றார் தராசுக்காரர். “துரை கடுவன். இது பொட்டை. ஆஸ்பத்திரியில மாத்திக் குடுத்துட்டாங்க.”

துரை அவர் மகளின் பூனை. மகள் எட்டு மாதத்துக்கு முன் லாரியில் அடிபட்டுப் போனாள். பத்தொன்பது வயது. அந்த வழக்கு விசாரணைக்காக அவர் வெளியூர் போக வேண்டியிருந்தது. மிருக ஆஸ்பத்திரியோடு சேர்ந்த விடுதியில் மூன்று நாள் துரையை விட்டுவிட்டுப் போனார். வாய்தா. திரும்பி வந்து நேற்று, திங்கட்கிழமை, கூடையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து திறந்தால் இது வெளியே வந்தது.

“வீட்டுல இனி பாப்பாவோடதுன்னு உசுரோட இருக்கறது துரை ஒண்ணுதாங்க,” என்றார். அதைச் சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. ஸ்பிரிங் ஒன்றை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

“நிறத்தைச் சொல்லுங்க,” என்றாள் அண்ணி. “துரைக்கு எங்கெங்க கறுப்பு, எங்கெங்க செம்பட்டை?”

“எனக்கு நிறம் தெரியாதுங்க. சிவப்பு, பச்சை, காவி எல்லாம் ஒரே மண்ணு. பிறந்ததுலேர்ந்தே. எனக்கு இதுவும் அழுக்கு, துரையும் அழுக்கு. பாப்பாதான் தொட்டுத் தொட்டுச் சொல்லும், இந்த இடம் நெருப்புப்பா, இந்த இடம் கரிப்பான்னு.”

“ஃபோட்டோ?”

“பாப்பா ஃபோன்ல இருந்துச்சு.” அந்த ஃபோன் எங்கே போயிருக்கும் என்று இருவரும் கேட்கவில்லை.

“அக்கம்பக்கத்துல யாராவது?”

“துரை யாருக்கும் முகம் காட்ட மாட்டான். ஆள் வந்தா பீரோ மேல ஏறிடுவான்.”

“அப்ப எதை வச்சு இது இல்லைங்கிறீங்க?”

“எடை. துரை நாலு கிலோ எழுநூறு. இது நாலு கிலோ நூறு.”

“மூணு நாள் கூண்டு. புது இடம், புதுச் சாப்பாடு. இளைச்சிருக்கும்.”

“அறுநூறு கிராமா?”

“வேற?”

“மடியில படுக்குதுங்க,” என்றார் அவர், புகார் சொல்லும் குரலில். “துரை ஒரு நாளும் படுத்ததில்ல. பாப்பா மடியிலகூட. தொட்டா சீறுவான். பாப்பா கை முழுக்கக் கோடு. அதுக்குச் சிரிக்கும்.”

அண்ணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். துக்கத்தில் இருப்பவர்களிடம் மெதுவாகப் பேச வேண்டும் என்று தெரிந்தவள்.

“ஐயா, இந்த நிறத்துல கடுவனே கிடையாது. கறுப்பும் செம்பட்டையும் ஒரே உடம்புல வந்தா அது பொட்டைதான். மாட்டு டாக்டர், பூனை டாக்டர் யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. உங்க துரையும் இந்த நிறம்தானே?”

“பாப்பா அப்படித்தான் சொல்லும்.”

“அப்ப துரையும் பொட்டை.”

“பாப்பா அதையும் சொல்லும். கடுவனே வராதாம்ப்பா, வந்தா ஆயிரத்துல ஒண்ணாம்ப்பா, நம்ம துரை அந்த ஒண்ணுன்னு சொல்லும். காலேஜ்ல சொன்னப்ப எல்லாரும் சிரிச்சாங்களாம்.”

அண்ணி சிரிக்கவில்லை. குழந்தைகள் தங்கள் பூனையைப் பற்றி அப்படித்தான் சொல்லும் என்று மட்டும் நினைத்தாள். நாளைக்கே ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன் என்று சொல்லி எழுந்தாள்.

தெருவில் நாத்தனார் சொன்னாள்: “நிறம் தெரியாதவர் பூனையை அடையாளம் சொல்றார். நம்ம தொழில் எங்க வந்து நிக்குது பாருங்க அண்ணி.”

“பாவம், விடு.”

“பாவம்தான். பூனை பாசம் காட்டுதுன்னு புகார் குடுக்கற ஆளை நான் இன்னைக்குத்தான் பார்க்கறேன். எனக்கெல்லாம் பூனைகூட மடியில படுக்கல.”

புதன்கிழமை மதியம் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டெட்டால் வாடை. வரிசையாகக் கம்பிக் கூண்டுகள், ஒவ்வொன்றிலும் கம்பியில் கோத்த ஓர் அட்டை. தங்க வந்ததற்கு வெள்ளை அட்டை, கடித்தது, கீறியது என்று புகார் உள்ளதற்குச் சிவப்பு. டாக்டர் ஓய்வுபெறும் வயதில் இருந்தார். பாடம் நடத்துவதில் ஆசை உள்ளவர் என்பது பேச ஆரம்பித்த இரண்டாவது நிமிடத்தில் தெரிந்தது. தராசுக்காரர் நிரப்பிய படிவத்தை எடுத்துக் காட்டினார். ‘கடுவன்’ என்று எழுதியிருந்ததைச் சிவப்பு மையால் அடித்து ‘பெட்டை’ என்று திருத்தியிருந்தது.

“நான்தான் திருத்தினேன். சொல்லிப் பார்த்தேன், மனுஷன் கேக்கல. கறுப்பா ஆரஞ்சான்னு சொல்ற ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு மேடம். ஆணுக்கு எக்ஸ் ஒண்ணுதான். அதனால ஒண்ணு கறுப்பு, இல்லேன்னா ஆரஞ்சு. ரெண்டும் வரணும்னா எக்ஸ் ரெண்டு வேணும். ரெண்டு இருந்தா பெட்டை. கருவுல இருக்கறப்பவே ஒவ்வொரு செல்லும் ரெண்டுல ஒரு எக்ஸை அணைச்சுடும். எது எங்க அணையும்னு யாராலயும் சொல்ல முடியாது. அதான் இப்படித் திட்டுத் திட்டா. உலகத்துல ஒரு ஆமையோட்டுப் பூனை மாதிரி இன்னொண்ணு கிடையாது.”

“எங்க வீட்டு வயரிங்கும் அப்படித்தான் டாக்டர்,” என்றாள் நாத்தனார். “எந்த ரூம்ல லைட் எரியும்னு சொல்லவே முடியாது.”

டாக்டருக்கு அந்த உவமை பிடித்துவிட்டது. கால்நடைக் காலேஜில் அடுத்த வகுப்பு எடுக்கும்போது சொல்வதாகச் சொன்னார்.

“வாலைத் தூக்கிப் பார்த்தீங்களா?” என்று கேட்டாள் அண்ணி. சும்மா கேட்டு வைத்தாள்.

“இந்த நிறத்துக்கு எதுக்குப் பார்க்கணும்? தவிர அன்னைக்குக் கூடைக்குள்ள கையே விட முடியல.”

ஆறாம் கூண்டு காலியாக இருந்தது. தராசுக்காரரின் பூனை அதில்தான் இருந்ததாம். ஏழாம் கூண்டில் இன்னொரு ஆமையோட்டுப் பூனை. சிவப்பு அட்டை. அது மூலையில் முதுகை ஒட்டி, வாலை உடம்புக்கு அடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நாத்தனார் குனிந்ததும் காதை மடக்கிக்கொண்டு சீறியது. நாத்தனார் பின்னால் நகர்ந்து தண்ணீர் வாளியில் காலை வைத்தாள்.

“அம்மாடி! எங்க மாமியார் செத்துட்டாங்கன்னுல்ல நினைச்சேன்.”

“இந்த ரகத்துக்கே திமிர் ஜாஸ்தி,” என்றார் டாக்டர். “நிறத்தோட வர்ற குணம். நாங்க இதுகளுக்குன்னே தனியா கையுறை வச்சிருக்கோம். இது ஒரு வீட்டுல கைக்குழந்தையைக் கீறிடுச்சு. கண்காணிப்புல இருக்கு.”

“இதுவும் அதுவும் மாறியிருக்க வாய்ப்பு உண்டா டாக்டர்?”

டாக்டர் சிரித்தார். “அது பசு. இது பிசாசு. கண்ணு தெரியாதவன்கூட மாத்த மாட்டான்.”

அண்ணி இன்னொரு முறை கூண்டைப் பார்த்தாள். பூனை அவளைப் பார்த்து மறுபடி சீறியது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணிக்கு வேறொரு கட்சிக்காரர் வருவதாக இருந்தது.

வாசலிலிருந்தே தராசுக்காரருக்கு ஃபோன் செய்தாள். “நல்லா விசாரிச்சுட்டேன். உங்க பூனைதான். கூண்டுல இருந்து வந்தா சில பூனைங்க மாறிடும். மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. அதைத் தடவிக் குடுங்க, பழகிடும்.”

அவர் சரிங்க என்றார். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றும் சொன்னார்.

சனிக்கிழமை காலை அவர் ஆபீஸுக்கு வந்தார். சவரம் செய்திருந்தார். கையில் காலிக் கூடை, அதில் மடித்த துண்டு.

“நீங்க தப்பா நினைச்சுக்கக் கூடாது,” என்று ஆரம்பித்தார். “நீங்க சொன்னதை நான் நம்பத்தான் செஞ்சேன். ஆனா டாக்டரே ஒத்துக்கிட்டாருங்க.”

“என்னன்னு?”

“நேத்து சாயங்காலம் ஃபோன் பண்ணார். ரொம்ப மரியாதையா பேசினார். துரைக்குக் காயடிச்சிருக்கீங்களான்னு கேட்டார். இல்லைன்னேன். எந்தப் பெட்டையையாவது சினையாக்கியிருக்கானான்னு கேட்டார். எனக்குத் தெரிஞ்சு இல்லைன்னேன். எத்தனை வயசுன்னு கேட்டு எழுதிக்கிட்டார். அப்ப கடுவன்னு அவரே சொன்ன மாதிரிதானே? துரை அங்கதான் இருக்கான். கண்டுபிடிச்சுட்டாங்க. சொல்லக் கூச்சப்படறார் போல.” கூடையைத் தூக்கிக் காட்டினார். “நேரா போய்க் கேக்கலாமா, இல்ல நீங்க கூட வர்றீங்களான்னு...”

நாத்தனார் டீ கிளாஸை மேசையில் வைத்தாள்.

“நீங்க கடைக்குப் போங்க,” என்றாள் அண்ணி. “நாங்க போய்ட்டு வர்றோம்.”

“கூடையைக் குடுத்து விடட்டுமா?”

“வேண்டாம். உங்ககிட்டயே இருக்கட்டும்.”

அவர் படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

“புதன்கிழமை இந்த நிறத்துல கடுவனே இல்லைன்னார்,” என்றாள் நாத்தனார். “வெள்ளிக்கிழமை இது எத்தனை குட்டிக்கு அப்பன்னு கேக்கறார். ரெண்டு நாள்ல சயின்ஸ் மாறிப்போச்சா?”

“சயின்ஸ் மாறல. நடுவுல எதையோ தூக்கிப் பார்த்திருக்கார்.”

“தராசுக்காரர் வீட்டுல இருக்கறதை நான் பார்த்தேன். அது பொட்டை.”

“அதனாலதான் சொல்றேன். அவர் பார்த்தது வேற பூனை. பார்த்ததும் இது யாரோடதுன்னு தெரிஞ்சிருக்கு. இல்லேன்னா தராசுக்காரருக்கு எதுக்கு ஃபோன் பண்ணணும்? தெரிஞ்சவர் உங்க பூனை இங்க இருக்கு, வந்து எடுத்துக்கங்கன்னு ஏன் சொல்லல?”

நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். பதில் இருவருக்கும் தெரிந்திருந்தது. இருவரும் பஸ்ஸைப் பிடித்தார்கள்.

ஏழாம் கூண்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. கூண்டு கழுவுகிறவர் ரப்பர் குழாயோடு நின்றார். ஐம்பது வயதிருக்கும். முழங்கை வரை பழைய நகக் கீறல்கள்.

அண்ணி பூனையைப் பற்றியே கேட்கவில்லை. “கூண்டு கழுவறப்ப அட்டையெல்லாம் என்ன பண்ணுவீங்க? நனைஞ்சுடாது?”

“கழட்டி ஜன்னல்ல வச்சுடுவேங்க.”

“அப்புறம் எது எதோடதுன்னு எப்படித் தெரியும்?”

“தெரியாம என்ன? நாய்க்கு நிறம் எழுதியிருக்கும். பூனைக்கும் எழுதியிருக்கும். ஆணா பெண்ணான்னு எழுதியிருக்கும்.”

“ஆறும் ஏழும் ஒரே நிறமாச்சே.”

குழாயிலிருந்து தண்ணீர் அவர் காலில் ஓடியது. அதை மூடவில்லை. “ஞாயித்துக்கிழமைதான் பெரிய கழுவல். ரெண்டையும் பெட்டியில போட்டு வச்சேன். திருப்பிப் போடறப்ப எந்தப் பெட்டி எதுன்னு எனக்குக் குழம்பிப்போச்சு. அட்டையைப் பார்த்தேன். ரெண்டுலயும் அதே நிறம். ரெண்டுலயும் பெட்டை. ஒண்ணுல ஆணுன்னு இருந்திருந்தா தூக்கிப் பார்த்திருப்பேங்க. ரெண்டும் பெட்டைன்னு டாக்டரே எழுதியிருக்கார். அப்புறம் நான் என்ன பண்ணட்டும்? சீறினதுக்குச் சிவப்பு. சும்மா இருந்ததுக்கு வெள்ளை.”

“இப்ப ஏழாம் நம்பர் எங்க?”

அவர் டாக்டர் அறைக் கதவைப் பார்த்தார்.

டாக்டர் அவர்களை உட்காரச் சொன்னார். அண்ணி நின்றுகொண்டே, காயடித்ததா என்ற கேள்வியை மட்டும் சொன்னாள். டாக்டர் மறுக்கவில்லை. இதை எதிர்பார்த்திருந்ததைப்போல, சற்று நிம்மதியோடுகூட எழுந்து, மூலையிலிருந்த ஃப்ரீசரைத் திறந்தார். வெள்ளைத் துணியில் சுற்றி, நூல் கட்டி, சீட்டு ஒட்டியிருந்தது. சீட்டில் தேதிக்கும் எடைக்கும் கீழே ‘ஆண்’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார்.

“ஊசி போட்டு முடிச்சுக் கையில தூக்கினப்பதான் பார்த்தேன்,” என்றார். “எக்ஸ் ரெண்டு, ஒய் ஒண்ணு. கூடுதலா ஒரு எக்ஸ். மூவாயிரத்துல ஒண்ணு பிறந்தாலே ஜாஸ்தி. முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்ல நான் கண்ணால பார்த்த முதல் கேஸ். எங்க சங்கத்துப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதிட்டு இருக்கேன். காலேஜ் மியூசியத்துல வைக்கலாம். சொந்தக்காரர் விவரம் கொஞ்சம் தேவைப்பட்டுச்சு, அதான் ஃபோன்.”

“சொந்தக்காரர்கிட்ட செத்துப்போச்சுன்னு சொல்லணும்னு தோணலையா?” என்றாள் நாத்தனார்.

“சொல்லலாம்னுதான் இருந்தேன். அவர் வீட்டுல ஒரு பூனை இருக்கு. அதோட பழகிட்டார்னா எதுக்குக் கலைக்கணும்னு தோணுச்சு.”

“ரொம்ப நல்ல மனசு.”

“கீறின பூனையைக் கொன்னுடச் சொல்லி அந்த வீட்டுக்காரங்க எழுதிக் குடுத்திருந்தாங்க. பத்து நாள் வெறி இருக்கான்னு பார்த்துட்டுத்தான் ஊசி போட்டேன். எல்லாம் முறைப்படிதான். அட்டை மாறினது மனுஷத் தப்பு. அந்த ஆளை நீக்கிட்டேன், மாசக் கடைசியோட போறான்.”

அண்ணி மேசைமேல் கிடந்த பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினாள். கூண்டு எண் ஏழு. பெட்டை என்று எழுதி, அடித்து, ஆண். ஊசி போட்ட நேரம் பதினொன்று இருபது. தேதியை விரலால் தொட்டாள். திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு தேதியைத் தேடித்தான் அவள் கண் போயிருந்தது. தராசுக்காரர் தன்னிடம் சொல்வதற்கு முன்னாலேயே எல்லாம் முடிந்திருக்கும் என்றுதான் பஸ் முழுக்க நினைத்துக்கொண்டு வந்தாள்.

வியாழக்கிழமை.

நாத்தனார் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். “அண்ணி, நாம வந்தது புதன்.”

“ஆமா.”

“அப்ப அந்த மூலையில...”

“ஆமான்னு சொன்னேன்ல.”

டாக்டருக்கு அவள் முகம் புரிந்தது. ஆறுதல் சொல்ல விரும்பினார். “நீங்க மனசை வருத்திக்காதீங்க மேடம். நீங்களும் கூண்டு முன்னாடி நின்னீங்க, நானும் நின்னேன். விஷயம் தெரிஞ்ச யாரா இருந்தாலும் பார்த்திருக்க மாட்டாங்க. ஒண்ணும் தெரியாதவன்தான் வாலைத் தூக்கிப் பார்ப்பான்.”

அண்ணி ஃப்ரீசரிலிருந்து பொதியைத் தானே எடுத்தாள். டாக்டர் குறுக்கே வந்தார். கட்டுரைக்கு இன்னும் படம் எடுக்கவில்லை, குரோமோசோம் பரிசோதனைக்குத் திசு அனுப்பவில்லை, புதைத்துவிட்டால் சயின்ஸுக்கு எவ்வளவு நஷ்டம் என்று சொன்னார். வேண்டுமானால் தராசுக்காரரின் மகள் பேரையே மியூசியச் சீட்டில் போடுவதாகச் சொன்னார்.

“அந்தப் பொண்ணு சொன்னப்ப சிரிச்சவங்கதானே நீங்கல்லாம்?” என்றாள் நாத்தனார். “வழியை விடுங்க டாக்டர். நானும் இந்த ரகம்தான். கையுறை இல்லாம பக்கத்துல வராதீங்க.”

மருந்துப் பெட்டி ஒன்றைக் காலி செய்து பொதியை அதில் வைத்தார்கள். கூண்டு கழுவுகிறவர் கேட்டைத் திறந்துவிட்டார்.

பஸ் ஸ்டாப்பில் நாத்தனார் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“ஞாயித்துக்கிழமையே முடிஞ்சுபோச்சுன்னு சொல்லிடுங்க அண்ணி. அவர் ஊர்லேர்ந்து வர்றதுக்கு முன்னாடியேன்னு. அவருக்கு நல்லது.”

“எனக்கும்.”

“உங்களுக்கும்தான். தப்பா? தப்பு பண்ணினவன் கட்டுரை எழுதறான். நீங்க ஒரு கிழமையை மாத்திச் சொன்னா என்ன குடி முழுகிடும்?”

அண்ணி பெட்டியைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டாள். ஒரு கிழமைதான். செத்த மாட்டின் தேதியை ஒரு நாள் முன்பின் மாற்றச் சொல்லி அவளிடம் எத்தனை பேர் கெஞ்சியிருக்கிறார்கள். ஒருவருக்கும் மாற்றிக் கொடுத்ததில்லை. அது பிறத்தியார் பொய்யாக இருந்ததால் சுலபமாக இருந்தது.

தராசுக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். பெட்டியைப் பார்த்தார். அதன் அளவைப் பார்த்தார். அதில் காற்றுத் துளை இல்லாததையும் பார்த்திருக்க வேண்டும். உள்ளே போய் நாற்காலியில் இருந்த சாமான்களை எடுத்துக் கீழே வைத்து அவர்கள் உட்கார இடம் செய்தார். யாரும் உட்காரவில்லை. மற்றப் பூனை ஓடி வந்து நாத்தனாரின் காலில் முதுகைத் தேய்த்தது.

அண்ணி ஒன்றுவிடாமல் சொன்னாள். அட்டை மாறியது, சிவப்பு மை, ஊசி. பெட்டியை மேசைமேல் வைத்தாள். அவர் அதைத் திறக்கவில்லை. ஒரு கையை அதன்மேல் வைத்துக்கொண்டார்.

“கடுவன்தானே?”

“கடுவன்தான். பதிவேட்டுல இப்ப அப்படித்தான் எழுதியிருக்கு.”

“எப்ப நடந்துச்சு?”

நாத்தனார் பூனையைத் தூக்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“வியாழக்கிழமை,” என்றாள் அண்ணி. “காலையில பதினோரு மணிக்கு மேல.”

அவர் நிதானமாகக் கணக்குப் போட்டார். உதடு அசைவது தெரிந்தது.

“நான் உங்ககிட்ட சொன்னது செவ்வாய்.”

“ஆமா.”

“நீங்க அங்க போனது?”

“புதன்.”

“பார்த்தீங்களா?”

“பார்த்தேன். ஏழாம் கூண்டு. இதோ இவ்வளவு தூரத்துல நின்னேன்.”

“சீறினானா?”

“சீறிச்சு. எங்க ரெண்டு பேரையும் பார்த்து. ரெண்டு தடவை.”

அவர் தலையை ஆட்டினார். கோபமில்லை. யாரோ சரியான விடையைச் சொன்னதுபோல இருந்தது அந்தத் தலையாட்டல்.

“அப்ப துரைதான்,” என்றார்.

வெளியே ஒருவர் கல்லாப்பெட்டி அளவுக்கு ஒரு தராசைத் தூக்கிக்கொண்டு வந்து, உள்ளே இருந்த முகங்களைப் பார்த்து, அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார்.

“நான் மன்னிப்புக் கேக்க வரலை,” என்றாள் அண்ணி. “கேட்டா அது எனக்குத்தான் ஆறுதலா இருக்கும். டாக்டர்மேல புகார் எழுதணும்னா நான் சாட்சி சொல்றேன். நான் நின்னதையும் சேர்த்தே சொல்றேன்.”

“ஒரு வழக்குக்கு அலையவே எனக்குச் சத்து இல்லைங்க.”

அவர் பெட்டியின் ஓரத்திலிருந்த ஈரத்தைக் கைத்துண்டால் துடைத்தார். துண்டை மடித்தார். பிறகு சாதாரணமாக, நேற்றைய செய்தியைச் சொல்கிறவர் மாதிரி சொன்னார்:

“வியாழக்கிழமை கடைக்கு லீவு. வெளியில எங்கயும் போகல. நீங்க சொன்னீங்களேன்னு, காலையிலேர்ந்து இதைத் தடவிக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்.”

நாத்தனாரின் கையிலிருந்து இறங்கிய பூனை வழக்கம்போல அவரிடம் வந்தது. அவர் உட்காராமல் நின்றதால் மடி கிடைக்கவில்லை. ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, அண்ணியின் பாதத்தின்மேல் சுருண்டு படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது. அவள் காலை நகர்த்தவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. போங்க என்று அவரும் சொல்லவில்லை.